சுமலதா வீட்டுப் படகு

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு வார்டில் சுமலதா சிஸ்டரைத் தெரியாதவர்கள் இருந்தால், அவர்களுக்கு இன்னும் எலும்பு முறியவில்லை என்று அர்த்தம். திண்டிவனத்திலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பஸ்ஸில் தூக்கிவந்து போடப்படுகிறவர்கள் வலி தாங்காமல் கத்தும்போது, "நல்லா கத்துங்க, யாரு வேணாங்கறது" என்று சொல்லிக்கொண்டே ஊசியைப் போட்டுவிட்டுப் போவாள். கத்துகிறவர்களைப் பற்றி அவளுக்குக் கவலை கிடையாது. எதைச் சொன்னாலும் சரி சரி என்று தலையாட்டிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறவர் ஒருவர் வார்டில் இருந்தால், அவர் கட்டிலுக்குத்தான் சும்மா சும்மா போய் நிற்பாள். தலையாட்டுகிறவர் உள்ளுக்குள் எதையோ விட்டுவிட்டார் என்பது அவள் அனுபவம்.

இப்படிப்பட்டவளுக்கு வீட்டிலேயே ஒரு தலையாட்டி வாய்த்தால் என்ன செய்வாள், பாவம்.

புருஷன் பெயர் செல்வகுமார். லாஸ்பேட்டையில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டெண்ட். தவளக்குப்பத்துக்கு மேற்கே ஒரு கிராமத்து விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. அப்பா இல்லை. அம்மா செல்வாம்பாள் இன்னும் கழனியை விடாமல் பயிர் வைத்துக்கொண்டு அங்கேயே இருக்கிறாள். கல்யாணமான புதிதில் சுமலதாவுக்குப் புருஷனிடம் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. குடி இல்லை, சீட்டு இல்லை. துண்டு எங்கே, சீப்பு எங்கே என்று கேட்டு உயிரை வாங்குவதைத் தவிர வேறு தொல்லை இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் மட்டும் காணாமல் போய்விடுவான்.

காணாமல் போவது சுண்ணாம்பாற்றுக்கு. அங்கே அவனுக்கு ஒரு படகு இருந்தது. படகு என்றதும் கட்டுமரத்தையோ மோட்டார் படகையோ நினைத்துவிடக் கூடாது. ஃபைபரில் செய்த, ரெண்டு பேர் காலை மடக்கி உட்காரக்கூடிய சின்னப் பாய்மரப் படகு. கல்லூரியில் படிக்கும்போது என்.சி.சி. கடற்படைப் பிரிவில் சேர்ந்து பாய் கட்டப் பழகியவன், அந்தப் பைத்தியத்தை அதோடு விடவில்லை. லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் சொந்த ஊருக்குப் போகும்போது, அடியில் விரிசல் விட்ட இந்தப் படகை என்ன செய்வதென்று தெரியாமல் இவன் தலையில் கட்டிவிட்டுப் போனார். இவன் விரிசலை அடைத்தான், பாயைத் தைத்தான், வெள்ளை பெயிண்ட் அடித்தான். ஆற்றோரத்து மீனவர்கள், "என்னா சார், குளிக்கற தொட்டியில வேட்டியைக் கட்டி வுட்டுட்டீங்களா" என்று கேட்பார்கள். செல்வாம்பாளுக்கு அதைக் கேட்டதிலிருந்து படகின் பெயர் தொட்டிதான். "தொட்டி ஓட்டப் போயிருக்கான்" என்பாள், ஏதோ மாடு ஓட்டப் போயிருக்கிறான் என்பது போல.

சுமலதா அதில் ஒரே ஒரு தடவை ஏறினாள். முகத்துவாரத்தை எட்டுவதற்குள் காலையில் தின்ற இட்லி திரும்பி வந்துவிட்டது. அதற்குப் பிறகு கரையோடு சரி. ஆனால் கரையில் நின்று பார்த்ததில் அவளுக்கு ஒன்று தெரிந்தது. வீட்டில் சீப்பு எங்கே என்று கேட்கிற ஆள் வேறு, கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிற இந்த ஆள் வேறு. அந்த ஆளை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், மகள் அபி பிறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை டிபன் கேரியரோடு ஆற்றங்கரைக்குப் போனது அவனைப் பார்க்கத்தான்.

இரண்டாயிரத்து ஆறில் நர்சுகளெல்லாம் வெளிநாட்டுக்குப் பறந்துகொண்டிருந்தார்கள். அயர்லாந்து, ஆஸ்திரேலியா என்று வாரம் ஒருத்திக்கு வார்டில் கேக் வெட்டினார்கள். சுமலதாவும் பரீட்சை எழுதினாள். நியூஸிலாந்தில் நெல்சன் என்ற கடலோர ஊரில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்து சொன்னாள். செல்வகுமார் குழம்பைப் பிசைந்துகொண்டே, "சரி, போலாம்" என்றான்.

அவ்வளவுதான். சண்டை இல்லை, யோசனை இல்லை, எந்த ஊர், என்ன ஏது என்று ஒரு கேள்வி இல்லை. வேலையை விடணுமே என்றாள், சரி என்றான். ஸ்கூட்டரை விற்கணுமே என்றாள், சரி என்றான். அபியின் காதுகுத்துக்கு வந்திருந்த, செல்வகுமாரின் பெரியப்பா மகன் கலியமூர்த்தி, பந்தியில் எல்லோர் காதிலும் விழும்படி, "என்னா செல்வம், அங்க போயி சோறாக்கி வெச்சிட்டு உக்காந்திருப்பியா?" என்று கேட்டான். செல்வகுமார் அதற்கும் சிரித்துத் தலையாட்டினான். வாழையிலைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்த சுமலதா அதைப் பார்த்தாள். கலியமூர்த்தியை அவன் அடித்திருந்தால் கூடத் தேவலை. தன் புருஷன் பதிலுக்கு ஒரு வார்த்தை திட்டவில்லையே என்பதுதான் அவளுக்கு ஆறவில்லை.

கடைசியில் ஒருநாள், "படகை என்ன பண்றதுங்க?" என்று கேட்டாள்.

"யாருக்காவது குடுத்துடலாம்" என்றான் அவன்.

கரண்டியோடு நின்றுவிட்டாள் சுமலதா. வார்டில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறவர்கள் எல்லோரும் அவள் கண் முன்னால் வரிசையாக வந்து போனார்கள். இவனைக் கூட்டிக்கொண்டு போய் அந்த ஊரில் ஒரு வீட்டில் உட்காரவைத்து, இவள் டூட்டிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது அங்கே யார் இருப்பார்கள்? இழுத்துக்கொண்டு போகிறோமோ என்ற எண்ணம் வந்தது வந்ததுதான், பிறகு போகவே இல்லை.

"படகு வரலன்னா நானும் வரல" என்றாள்.

"வேலை உனக்குத்தான சுமா கெடைச்சிருக்கு."

"தெரியும். படகு வரணும்."

அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வழக்கம்போல, "சரி" என்றான்.

வெளிநாட்டுக்குச் சாமான் கட்டி அனுப்புகிறவர் கலீலுல்லா பாய். வீடு முல்லா வீதியில், குடோன் கோரிமேட்டில், லாரிகள் நிற்கிற ரோட்டுக்குப் பின்னால். பிரான்சுக்குப் போகிற குடும்பங்களின் அம்மி, குத்துவிளக்கு, ஊஞ்சல் பலகை என்று எத்தனையோ கட்டி அனுப்பியவர். படகைக் கேட்டதும் தாடியைத் தடவினார். பல வீட்டுச் சாமான் சேர்ந்து போகிற கண்டெய்னர் அது. ஒரு வீட்டுக்கு இவ்வளவுதான் இடம். அந்த இடத்தில் படகு படுத்துக்கொண்டால் மற்றதெல்லாம் வெளியே நிற்க வேண்டியதுதான்.

"வெளியவே நிக்கட்டும் பாய்" என்றாள் சுமலதா.

அவள் அம்மா வீட்டுச் சீதனத் தேக்கு பீரோ நின்றது. கட்டில் நின்றது. மாவு அரைக்கிற கிரைண்டர் நின்றது. "கிரைண்டர் இல்லாம தோசைக்கு என்னம்மா பண்ணுவ?" என்று செல்வாம்பாள் கேட்டதற்கு, "படகுல மாவு கரைச்சிக்கறேன் அத்தை" என்றாள். செல்வாம்பாள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள். தொட்டிப் பைத்தியம் ஒட்டுவாரொட்டி என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அந்த நாட்டுக்காரர்கள் மண்ணுக்குப் பயந்தவர்கள். வெளியிலிருந்து வருகிற சாமானில் மண்ணோ விதையோ இலைச்சருகோ ஒட்டியிருக்கக் கூடாது. இருந்தால் சாமானைத் திருப்பி அனுப்புவார்கள், இல்லையென்றால் அங்கேயே அழித்துவிடுவார்கள். அப்படி ஒன்றும் இல்லை என்று சாமானின் சொந்தக்காரர் கையெழுத்தும் போட்டுக் கொடுக்க வேண்டும். வேலை சுமலதாவுடையது, ஆகவே கையெழுத்தும் அவளுடையது. பொய்க் கையெழுத்து என்று ஆகிவிட்டால் படகோடு நிற்காது, வேலைக்கே உலை வைத்துவிடும் என்று ஏஜெண்ட் சொல்லியிருந்தார். சுமலதா இதை வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னாள். மாமியாரிடம் தனியாக, "ஊறுகா, வடகம், பருப்புப்பொடி எதையும் பெட்டியில வெச்சிடாதீங்க அத்தை, ஒவ்வொரு பெட்டியையும் தொறந்து பாப்பாங்க" என்றும் சொன்னாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். பெட்டி பெட்டி என்றே சொன்னாள்.

பொங்கல் லீவில் படகை மினி லாரியில் ஏற்றிக் கிராமத்து வீட்டுத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், செல்வகுமார் சோப்புத்தூளும் பல் விளக்கும் பிரஷும் வைத்துக்கொண்டு இண்டு இடுக்கெல்லாம் தேய்த்தான். காய்ந்த பிறகு கோரிமேட்டுக் குடோனுக்குப் போயிற்று. பாய் அதற்கு ஒரு மரப்பெட்டி கட்டினார். பெட்டி என்று சொல்வதை விட மரவீடு என்று சொல்லலாம். மூடி ஆணி அடித்ததும், மூடியும் பக்கப் பலகையும் சேருகிற இடத்தில் புருஷன் பெண்சாதி ரெண்டு பேரையும் மார்க்கர் பேனாவால் கையெழுத்துப் போடச் சொன்னார். அது அவர் குடோன் வழக்கம்.

அதற்கு அடுத்த நாள் சுமலதாவுக்குக் காலை டூட்டி இல்லை. லீவில் பாட்டி வீட்டில் இருந்த அபியைப் பார்க்கக் கிராமத்துக்குப் போனாள். செல்வாம்பாள் பேத்திக்கு எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டிருந்தவள், மருமகள் முகத்தைப் பார்த்தாள்.

"ஏம்மா இப்டி வாடிப் போயிருக்க. ஒண்ணும் ஆவாது. எல்லாம் நல்லபடியா போய்ச் சேரும். மண்ணு முன்னாடி போவுது."

"என்ன மண்ணு அத்தை?"

"நம்ப மேட்டுக் கழனி மண்ணுதான். ஒரு புடி. ஒரு ஆழாக்கு வெதநெல்லு, ரெண்டு மஞ்சக்கெழங்கு. மஞ்சத்துணியில முடிஞ்சி தொட்டி வயித்துல வெச்சிருக்கேன். ஒரு வட்ட மூடி இருக்கும்ல, ஊறுகா ஜாடிக்கு மாரி. அதுக்குள்ளதான் அவன் சாவியெல்லாம் போட்டு வெப்பான், பாத்திருக்கேன்."

சுமலதா அபியின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். செல்வாம்பாளே தொடர்ந்தாள். "பெட்டியைத்தான தொறந்து பாப்பாங்கன்னு சொன்ன. தொட்டியை எவன் பாக்கப் போறான். நம்ம வீட்டுல யாரு தனிக்குடித்தனம் போனாலும் கழனி மண்ணு மொதல்ல போய் வீட்டுக்குள்ள எறங்கணும், அப்புறம்தான் நாம கால வெக்கணும். என் மாமியாரு எனக்குச் செஞ்சாங்க. நீங்க லாஸ்பேட்டைக்குப் போனப்பகூட நான் செஞ்சேன், உனக்குத் தெரியாது. இவ்ளோ தூரம் போறீங்க, செய்யாம வுட்டுடுவேனா."

சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். ஒரு பெரிய வேலையைத் தனியாகச் செய்து முடித்தவளின் சிரிப்பு. அதைப் பார்த்த பிறகு அவளைத் திட்ட யாருக்கு மனசு வரும்? சுமலதாவுக்கு வரவில்லை. "நல்லது அத்தை" என்று சொல்லிவிட்டு, காபி கூடக் குடிக்காமல் தவளக்குப்பத்துக்கு வந்து பஸ் ஏறினாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து யோசித்தாள். மறுநாள் காலை கண்டெய்னர் வருகிறது. அதற்குள் எடுத்துவிட்டால் முடிந்தது விஷயம். செல்வகுமாரிடம் சொல்லலாமா என்று நினைத்தவள் உடனே வேண்டாம் என்று முடிவு கட்டினாள். சொன்னால் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும். "விடு சுமா, படகு வேணாம்" என்பான். இந்தத் தடவை அதற்குப் பதில் சொல்ல அவளிடம் ஒன்றும் இருக்காது. படகு இங்கே நின்றுவிடும். அவன் மட்டும் ஒரு சாமான் போல அவளோடு வருவான். அதைவிடப் பேசாமல் பெட்டியைத் திறந்து எடுத்து மூடிவிடுவதே மேல்.

மத்தியான டூட்டிக்குப் போனவள் தோழியிடம் வார்டை ஒப்படைத்துவிட்டுச் சாயங்காலம் குடோனுக்கு வந்தாள். கலீலுல்லா பாய் அஸர் தொழுதுவிட்டு வந்து, காதில் பென்சிலோடு ஒரு கண்ணாடி அலமாரிக்குச் சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பாய், படகுப் பெட்டியைக் கொஞ்சம் தொறக்கணும்."

"தொறக்கலாமே சிஸ்டர். தம்பி வராரா?"

"அவரு எதுக்கு? நான்தான் வந்திருக்கேனே."

பாய் சாக்கைக் கீழே வைத்தார். "ரெண்டு கையெழுத்து இருக்கு சிஸ்டர். ரெண்டு கையும் இருந்தாத்தான் தொறப்பேன்."

"நான் அவரு கட்டின பொண்டாட்டி பாய்."

"அதனாலதான் சொல்றேன்" என்றார் பாய். "முத்தியால்பேட்டையில அண்ணன் தம்பி ரெண்டு பேரு. சேந்துதான் கட்டினாங்க. அண்ணங்காரரு மறுநாளு தனியா வந்து ஒரு வெளக்கை எடுக்கணும்னாரு. எடுத்துக் குடுத்தேன். தம்பி என்மேல ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாரு. வெளியாளு சாமானைத் தொடறதுல வர்ற சண்டையை விட வீட்டாளு தொடறதுல வர்ற சண்டை பெரிசும்மா. அதுலேருந்து இதான் வழக்கம்."

அவள் கெஞ்சினாள். கொஞ்சம் கோபித்தும் பார்த்தாள். பாய் இடித்த புளி போல அப்படியே நின்றுவிட்டு, கடைசியில் தன் செல்போனை எடுத்து அவரே செல்வகுமாரைக் கூப்பிட்டார்.

அவன் வந்து ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் சுமலதா குடோன் வாசலுக்கும் பெட்டிக்குமாகப் பத்துத் தடவை நடந்துவிட்டாள். என்ன சுமா என்று கேட்டான். அவள் குரலைத் தாழ்த்தி, அத்தை மேல் தப்பில்லை, அவங்களுக்குத் தெரியாது, திட்டிடாதீங்க என்று முன்னுரை எல்லாம் போட்டுவிட்டு விஷயத்தைச் சொன்னாள். சொல்லிக்கொண்டே அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

"தொறக்க வேணாம் பாய். அப்படியே போகட்டும்" என்றான் செல்வகுமார்.

எத்தனையோ மாதமாக அவள் உள்ளே போட்டு அமுக்கிவைத்திருந்தது அப்போது பொங்கிவிட்டது. "போகட்டுமா? போயி அங்க மாட்டட்டும், அதான? கையெழுத்துப் போட்டவ நானு. என் வேலை போகட்டும், எல்லாரும் திரும்பி வந்துடலாம்னு பாக்கறீங்க. வர இஷ்டம் இல்லன்னா வாயத் தொறந்து சொல்லுங்க. சரி சரின்னு சொல்லியே என்னைக் கொல்றீங்க. நான் என்ன உங்களை இழுத்துட்டா போறேன்? சொல்லுங்க, இழுத்துட்டா போறேன்?"

கலீலுல்லா பாய் சாக்கு ஊசியைச் சாக்கிலேயே குத்திவிட்டு, "டீ சொல்லிட்டு வரேன்" என்று வெளியே போனார். சொல்லிவிட்டுத் திரும்ப வேண்டியவர் டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

செல்வகுமார் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்தான். "உள்ள ஒண்ணும் இல்ல சுமா. எடுத்துட்டேன்."

"எடுத்துட்டீங்களா?"

"படகு இங்க வந்த அன்னைக்கு, கயிறு கப்பியெல்லாம் உள்ள வெக்கலாம்னு மூடியைத் திருகினேன். மஞ்சத்துணி. பிரிக்கறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடுச்சி அம்மா வேலைன்னு."

"அப்பவே எடுத்துட்டீங்களா?"

"இல்ல. அப்ப மறுபடி மூடிட்டேன்."

சுமலதா அவன் எதிரில் வந்து நின்றாள்.

"மூடிட்டு வீட்டுக்கு வந்தேன். நீ சோறு போட்ட, தின்னேன். அங்க போயி புடிச்சாங்கன்னா என் தப்பு இல்ல, உன் தப்பு இல்ல. அம்மா, பாவம், தெரியாம செஞ்சது. யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேக்க முடியாது. அதோட எல்லாம் நின்னு போயிடும். நீ சொன்னியே, அப்படியேதான் நெனைச்சேன். ராத்திரி பூரா அதே நெனைப்பு."

தான் சந்தேகப்பட்டது சரிதான் என்று தெரிந்ததில் அவளுக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

"காலையில பாய் ஆணியெல்லாம் எடுத்து வெச்சிட்டு இருந்தாரு. மூடப் போறாரு. இப்ப எடுக்கலன்னா இனிமே எடுக்க முடியாதுன்னு தோணிச்சி. போயி எடுத்துட்டேன். ஈரத்துணியால ரெண்டு தரம் தொடைச்சிட்டேன், ஒரு நெல்லு இல்ல. பயப்படாத."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லியிருந்தா நீ எடுத்துப் போட்டிருப்ப" என்றான். "எல்லாத்தையும் நீதான செய்யற. படகைக்கூட நீதான் எனக்குக் குடுத்த, அழற புள்ள கையில முட்டாய் குடுக்கற மாரி. எனக்குக் கோவம்தான். எங்க போயி சொல்றது? அந்த மூட்டையை நீ எடுத்திருந்தா நீ கூட்டிட்டுப் போறதா ஆயிருக்கும். நான் எடுத்தாத்தான் நான் வரதா ஆவும். அதுக்குத்தான் சொல்லல."

சுமலதா அவன் பக்கத்தில் வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு அழுதாள். முட்டாய் என்று சொன்னது சுருக்கென்று தைத்திருந்தது. பீரோவையும் கிரைண்டரையும் விட்டுக்கொடுத்தவளுக்கு இந்தப் பேச்சா என்றும் இருந்தது. ஆனாலும் மனசு லேசாகிவிட்டது. கத்துகிற நோயாளியைப் பற்றி அவளுக்கு என்றைக்குமே கவலை இருந்ததில்லை.

பாய் மூன்று டீயோடு உள்ளே வந்து, எதையும் பார்க்காதவர் போல ஆளுக்கொன்று கொடுத்தார். பிறகு ஆணி பிடுங்கும் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ரெண்டு கையும் வந்துடுச்சி. தொறக்கறதா, வேணாமா?" என்று கேட்டார்.

செல்வகுமார் சுமலதாவைப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை என்பதற்கு அவன் வாய்வார்த்தையைத் தவிர அவளிடம் வேறு சாட்சி இல்லை. கையெழுத்தோ அவளுடையது.

"வேணாம் பாய்" என்றாள்.

அன்றைக்கே கிராமத்துக்குப் போக வேண்டும் என்றான் செல்வகுமார். அம்மாவிடம் சொல்லிவிட வேண்டுமாம். சுமலதா பதறிப் போனாள். "எதுக்குங்க? அவங்க மனசு நிம்மதியா இருக்கட்டும். போய்ச் சேந்துடுச்சின்னு நான் போன்ல சொல்லிக்கறேன்" என்று ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தாள். அரியாங்குப்பம் பாலம் தாண்டிய பிறகு அவன், "நீ சொல்லாத சுமா. என் அம்மா, நான்தான் சொல்லணும்" என்றான்.

செல்வாம்பாள் விளக்கு வைத்துவிட்டுக் கூடத்தில் மொச்சைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அபி பக்கத்திலேயே தூங்கிப் போயிருந்தாள். சுமலதா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். செல்வகுமார் போய் அம்மா எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறத்திலிருந்து ஒரு காயை எடுத்து உரித்தான்.

"தொட்டியில வெச்சதை நான் எடுத்துட்டேம்மா" என்றான்.

செல்வாம்பாளின் கை நின்றது.

"அந்த ஊருல மண்ணு, நெல்லு எதையும் வுட மாட்டாங்க. பாத்தா படகையே ஒடைச்சிப் போட்டுடுவாங்க. சுமா வேலைக்கும் கேடு. அதான் எடுத்துட்டேன். உனக்குத் தெரியாம எடுத்தது தப்புதான்."

அவள் முறத்துக் காயை விரலால் அளைந்துகொண்டிருந்தாள். சுமலதாவுக்கு ஓடிப் போய் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாமா என்றிருந்தது. அது தன் இடம் இல்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"எடுத்த மண்ண எங்க போட்ட?" என்று கேட்டாள் செல்வாம்பாள்.

"மேட்டுக் கழனியிலதான். நேத்து சாயங்காலம் வந்து போட்டுட்டு, வீட்டுக்கு வராம போயிட்டேன்."

"வரப்புலயா, உள்ளயா?"

"உள்ள எறங்கித்தான் போட்டேன். நெல்லையும் நாத்தங்கால் ஓரமா தூவிட்டேன்."

"தண்ணி நின்னுதா?"

"நின்னுது."

"அப்ப மொளைச்சிடும்" என்றாள் செல்வாம்பாள். மறுபடியும் காயை எடுத்தாள், உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். மகன் முகத்தை நேராகப் பார்த்தாள். "செல்வம், உனக்குப் போவ இஷ்டம்தானா?"

இத்தனை மாதத்தில் இதை அவனிடம் ஒருவரும் கேட்கவில்லை. கலியமூர்த்தி கேலி செய்தான், ஏஜெண்ட் தேதி கேட்டார். சுமலதா எதையெல்லாமோ சுற்றி வளைத்துச் செய்தாள், கடைசியில் குடோனில் நின்று சண்டையும் போட்டாள். இப்படி எதிரில் உட்கார்ந்து, பதில் எதுவானாலும் கேட்டுக்கொள்கிறேன் என்று, அவள்கூடக் கேட்கவில்லை. கேட்கப் பயந்துகொண்டுதான் படகைப் பெட்டியில் அடைத்தாள். அது அவளுக்கு வாசற்படியில் நிற்கும்போது புரிந்தது, வெட்கமாகவும் இருந்தது.

"மொதல்ல இல்லம்மா" என்றான் செல்வகுமார். "இப்ப இஷ்டம்தான்."

செல்வாம்பாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "அங்கயே ஏம்மா நிக்கிற? உள்ள வா. மொச்சக் கொழம்பு வெக்கறேன், சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

சுமலதா உள்ளே வந்து முறத்தின் இன்னொரு பக்கம் உட்கார்ந்தாள். மூன்று பேரும் காய் உரித்தார்கள்.